குளூட்டன் இல்லாத உணவுப் பொருளுக்கு மதிப்புரை எழுதுவது எப்படி: சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு

சீலியாக் நோய் உள்ள ஒருவர் குளூட்டன் (கோதுமை போன்ற சில தானியங்களிலுள்ள புரதம்) இல்லாத ரொட்டியைப் பற்றியோ பிஸ்கட்டைப் பற்றியோ எழுதும்போது, அதே நோய் உள்ள வாசகர் அதில் சுவையை மட்டும் படிப்பதில்லை. "இவர் சாப்பிட்டிருக்கிறார், ஆகவே நானும் சாப்பிடலாம்" என்ற உறுதியையும் சேர்த்தே படித்துக்கொள்கிறார். ஆனால் சாப்பிட்ட பின் நமக்கு எதுவும் ஆகவில்லை என்பது அந்தப் பொருளில் குளூட்டன் இல்லை என்பதற்குச் சான்றாகாது. இந்த நோயில் குளூட்டன் சிறுகுடலின் உட்சுவரிலுள்ள குடலுறிஞ்சிகளை, அதாவது சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற நீட்சிகளைச் சிதைக்கிறது. வலியோ வயிற்றுப்போக்கோ இல்லாமலும் அந்தச் சிதைவு நிகழக்கூடும். மறுபுறம், குளூட்டன் துளியும் இல்லாத தின்பண்டம் ஒன்று அதில் சேர்த்த இன்யுலின் நாரினாலோ பாலிலுள்ள லாக்டோஸினாலோ வயிற்றை உப்பச் செய்யலாம். ஆகவே நம் உடலைச் சோதனைக் கருவியாகக் கொள்ளக் கூடாது. ஆய்வு வேலை முழுவதும் பொருள் வாய்க்குப் போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

நோய் அண்மையில்தான் கண்டறியப்பட்டது என்றால், இந்த வேலையைச் சில காலம் தள்ளிப்போடுவது நல்லது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு குறையவே மாதக்கணக்கில் ஆகும். குடல் ஆற அதைவிட நீண்ட காலம் பிடிக்கலாம். அந்தக் காலத்தில் புதிய பொருள்களை அடுத்தடுத்துச் சுவைத்தால், குணமாவது தாமதிப்பதற்கான காரணத்தை மருத்துவராலும் பிரித்தறிய முடியாமல் போகும்.

முதல் வேலை உறையைப் படிப்பது. 'குளூட்டன் இல்லாதது' என்று எழுதப்பட்டிருந்தால், ஒரு கிலோகிராமில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லை என்பதே அதன் பொருள். கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பும், அமெரிக்காவும், ஐரோப்பிய ஒன்றியமும் இந்த வரம்பையே வைத்திருக்கின்றன. மதிப்புரை எழுதுபவர் இதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். வரம்பின் விளிம்பில் உள்ள பொருளை 100 கிராம் சாப்பிட்டால் 2 மில்லிகிராம் உள்ளே போகும். ஒரே நாளில் அத்தகைய ஐந்து பொருள்களைச் சாப்பிட்டால் 10 மில்லிகிராம். பெரும்பாலான நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் தீங்கு நேர வாய்ப்புக் குறைவு என்றும், நாள்தோறும் 50 மில்லிகிராம் என மாதக்கணக்கில் தொடர்ந்தால் குடல் சேதமடைகிறது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. பல பொருள்களை ஒரே நாளில் ஒப்பிட்டு எழுதும் வழக்கத்தை நான் கைவிட்டதற்கு இந்தக் கணக்கே காரணம். இப்போது ஒரு பொருளைச் சுவைத்தால் அடுத்ததற்குச் சில நாள்கள் இடைவெளி விடுகிறேன்.

'கோதுமை இல்லாதது' என்ற சொல்லைக் 'குளூட்டன் இல்லாதது' என்று படித்துவிடக் கூடாது. பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் அதே தீங்கு உண்டு. மால்ட், மால்ட் சாறு, மால்ட் வினிகர் ஆகியன பெரும்பாலும் பார்லியிலிருந்து வருபவை. அமெரிக்காவில் ஒவ்வாமைப் பட்டியலில் கோதுமையைக் குறிப்பிட்டாக வேண்டும். பார்லிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஓட்ஸ் தனிச் சிக்கல்: வயலிலும் ஆலையிலும் கோதுமை, பார்லி மணிகள் அதில் எளிதில் கலந்துவிடுகின்றன; தூய ஓட்ஸுமே நோயாளிகளுள் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஓட்ஸ் சேர்ந்த பொருளென்றால் மதிப்புரையின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது நிறுவனத்திடம் கேட்பது. அதே இயந்திரத்தில் கோதுமைப் பொருள் தயாராகிறதா, ஒருசேரத் தயாராகும் ஒவ்வொரு தொகுதியும் (பேட்ச்) சோதிக்கப்படுகிறதா, எந்த முறையில் சோதிக்கிறார்கள் என்பவற்றை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெற வேண்டும். சோதனை முறையைக் கேட்பதற்குக் காரணம் உண்டு: நொதித்த பொருள்களில் குளூட்டன் சிறு துண்டுகளாக உடைந்திருப்பதால், எலைசா என்னும் ஆய்வகச் சோதனையின் வழக்கமான சாண்ட்விச் வகை அதைக் குறைத்துக் காட்டலாம், துண்டுகளையும் கண்டறியும் போட்டிமுறை எலைசாவே அவற்றுக்கு ஏற்றது. வீட்டில் பயன்படுத்தும் சோதனைப் பட்டைகள் எடுத்த துளியைப் பற்றி மட்டுமே சொல்லும். பொட்டலத்தின் மறு மூலையைப் பற்றி எதுவும் சொல்லா.

மாதிரிப் பொருளை, கடையில் விற்கும் அதே உறையில், முத்திரை பிரியாமல் மட்டுமே ஏற்க வேண்டும். ஒருமுறை சிறு தயாரிப்பாளர் ஒருவர் கையால் பெயர் எழுதிய பையில் கேக் மாவு அனுப்பினார். அவருடைய அன்பை மதித்து நான் எதுவும் கேட்காமல் செய்து சாப்பிட்டேன். கோதுமை மாவு அளக்கும் அதே மேசையில்தான் அதுவும் அளக்கப்பட்டது என்று பிறகே தெரிந்தது. கண்காட்சிகளில் தட்டில் துண்டுபோட்டு வைப்பவையும் இப்படித்தான். ஒரே இடுக்கி எல்லாத் தட்டுகளுக்கும் போய்வரும். கோதுமை மாவு பறக்கும் அடுமனைக்கு நேரில் வரச்சொல்லி அழைத்தால் மறுத்துவிடலாம். காற்றிலுள்ள மாவு மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கி விழுங்கப்படும்.

வீட்டில் சுவைக்கும்போது தனி டோஸ்டர், தனி வடிகட்டி, கீறல் விழாத வெட்டுப்பலகை ஆகியவை வேண்டும். கோதுமை ரொட்டியோடு ஒப்பிட விரும்பினால், அதைச் சுவைப்பவர் வேறொருவராகவும், சுவைக்கும் இடம் வேறாகவும் இருக்கட்டும்.

எழுதும்போது 'பாதுகாப்பானது' என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். உறையில் என்ன இருந்தது, நிறுவனம் என்ன சொன்னது, எந்தத் தொகுதி எண், எந்த மாதம் சாப்பிட்டீர்கள், இலவசமாக வந்ததா வாங்கியதா என்பவற்றை எழுதினால், முடிவை வாசகர் தாமே எடுப்பார். தயாரிப்பு முறையை நிறுவனங்கள் அறிவிப்பின்றி மாற்றுவதுண்டு. ஆகவே பழைய மதிப்புரைகளை ஆண்டுக்கொருமுறை புதிய உறையோடு ஒத்துப் பார்த்துத் திருத்துவதும் இந்த வேலையில் அடங்கும்.

சாப்பிட்ட பின் உடல் கெட்டால், உடனே அந்தப் பொருளைக் குற்றம்சாட்டி எழுத வேண்டாம். வாசகரை எச்சரிக்க வேண்டுமென்று தோன்றுவது இயல்பே, ஆனால் அன்று உண்ட வேறொன்றும் காரணமாக இருக்கலாம். மீதியை உறையோடு மூடி வையுங்கள், மருத்துவரைப் பாருங்கள், சிறுநீரிலோ மலத்திலோ குளூட்டன் துணுக்குகளைத் தேடும் சோதனை கிடைக்குமானால், நாள் கடத்தாமல் கேளுங்கள், ஏனெனில் அவை சில நாள்களுக்குள் வெளியேறிவிடும். தொகுதி எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் எழுதுங்கள். அவர்கள் அந்தத் தொகுதியைச் சோதிக்கும் வரை மதிப்புரையை நிறுத்திவைத்து, ஏற்கெனவே வெளியிட்டிருந்தால் அதன் மேலேயே காரணத்தையும் தேதியையும் குறிப்பிடுங்கள்.