சத்தத்தை மறைக்கச் சத்தம் வைக்காதீர்கள்: தனிமை தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தினமும் கொஞ்ச நேரமாவது தனியாக, சத்தமில்லாமல் உட்கார்ந்து பழக நினைப்பவர்கள் என்னிடம் வந்து பேசுவதுண்டு. ஆரம்பத்தில் நான் தடுக்கி விழுந்த இடங்களிலேயே அவர்களும் விழுகிறார்கள். டிவியை அணைப்பது, விடியற்காலையில் எழுவது எல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

## வெளிச் சத்தத்தை மறைக்க வால்யூமைக் கூட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவர் இயர்போனில் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மழை எனக்கும் கேட்டது. கேட்டதற்கு, “இது இல்லாவிட்டால் நிம்மதியே இல்லை, தூங்கும்போதும் இதுதான்” என்றார். பிறகு ஒருநாள் அவரே கூப்பிட்டார். இராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு காதுக்குள் ‘கொய்ங்’ என்று ஒரு சத்தம், நிற்கவே மாட்டேன் என்கிறதாம். பரிசோதித்த மருத்துவர், கீச்சென்ற ஒலிகள் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அமைதி வேண்டும் என்று ஆரம்பித்தவருக்கு இனி அமைதியான அறைதான் பெரிய தொல்லை.

ரயில் இரைச்சலே சில நேரம் 80 டெசிபலைத் தொடும். அது காதில் விழாமல் இருக்க வேண்டுமென்றால் இயர்போன் அதற்கும் மேலே போகவேண்டும். டெசிபல் கணக்கில் 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான். 100 டெசிபலுக்கு வெறும் 20 நிமிடம். ஒரு காதின் உட்பகுதியில் ஒலியை உணரும் மயிர்செல்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. மனிதருக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. மழையோ அருவியோ மந்திரமோ, காதுக்கு எல்லாமே அழுத்தம்தான்.

முதலில் சத்தத்தைத் தடுங்கள். மலிவான ஃபோம் இயர்பிளக் போதும், ஆனால் சரியாகப் போடவேண்டும். விரல்களுக்கிடையே உருட்டி மெல்லிய குச்சி மாதிரி ஆக்குங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு உள்ளே விடுங்கள். அது உப்பும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். நுனி மட்டும் செருகிவிட்டு “இது வேலை செய்யவில்லை” என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். சரியாகப் போட்டிருந்தால் உங்கள் குரல் உங்களுக்கே கனத்துக் கேட்கும்.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் நல்லதுதான். இன்ஜின், ஏசி போன்ற ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலை அது நன்றாக அடக்கும். பக்கத்தில் பேசுபவர்களின் குரலை அந்த அளவுக்கு அடக்காது. அது தெரியாமல் குரலை மறைக்க வால்யூமைக் கூட்டினால், பழைய தவறுதான் புது விலையில். சாலையில் நடக்கும்போது இரண்டுமே வேண்டாம்.

## சுவர் முழுக்க ஃபோம் ஒட்டுவது

அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளிச் சத்தத்தை நிறுத்தாது. சத்தம் வருவது பெரும்பாலும் கதவு, ஜன்னல் இடுக்கு வழியாக. கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், கதவு எவ்வளவு கனமானதாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் அதனால் தடுக்க முடியாது. முதலில் ரப்பர் பட்டை ஒட்டி இடுக்கை அடையுங்கள்.

## போனை சைலண்ட்டில் போட்டு மடியில் வைத்துக்கொள்வது

வேறு அறையில் வையுங்கள்.

## முழு நிசப்தம் வரட்டும் என்று காத்திருப்பது

வராது. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் கேட்கும் திறன் சரியாக இருந்தவர்களை ஒலிபுகா அறையில் உட்காரவைத்தார்கள். நூற்றுக்கு 94 பேருக்கு அங்கேயும் ஏதோ ஒரு சத்தம் கேட்டது. அதனால் சந்தடி அடங்கியதும் மெல்லிய ரீங்காரம் கேட்டால் பயப்பட வேண்டாம். ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, விடாமல் தொடர்ந்தாலோ காது மருத்துவரைப் பாருங்கள்.

## எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம்

2014-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்றில், ஆட்களை 15 நிமிடம் தனியாக, செய்ய எதுவும் இல்லாமல் உட்காரவைத்தார்கள். வேண்டுமானால் தங்களுக்கே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் இருந்தது. 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் அதை அழுத்தினார்கள். இத்தனைக்கும், அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கக் காசு கொடுக்கவும் தயார் என்று முன்பே சொன்னவர்கள் அவர்கள். சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டம். முதல் நாளே மனம் அலைகிறது என்று சோர்ந்துபோய் விட்டுவிடுபவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். அது சலிப்பில்லாமல் போக ஆரம்பித்த பிறகு கூட்டுங்கள்.

## வீட்டில் சொல்லாமல் கதவைச் சாத்துவது

கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள். எப்போது வெளியே வருவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுச் சாத்துங்கள்.