படுக்கையறையில் செடி: எதை வைப்பது, எப்படிக் காப்பாற்றுவது

நர்சரியில் ஸ்நேக் பிளான்ட் விலை கேட்டால், "ராத்திரியிலயும் ஆக்ஸிஜன் விடும் சார்" என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார்கள். அதில் பாதிதான் சரி. ஸ்நேக் பிளான்ட், கற்றாழை, சில ஆர்க்கிட் வகைகள் எல்லாம் பகல் சூட்டில் ஈரம் போகாமலிருக்க இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்துச் சேமிக்கின்றன. ஆனால் ஆக்ஸிஜன் உண்டாவதற்கு வெளிச்சம் வேண்டும். இருட்டில் எந்தச் செடியும் அதைத் தயாரிப்பதில்லை.

"ராத்திரி செடி கெட்ட காற்று விடும், பக்கத்தில் படுக்காதே" என்ற எதிர்ப்பக்கத்துப் பயமும் இதே ரகம்தான். தூங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் பத்து லிட்டர் கரியமில வாயு விடுகிறார். நாலு தொட்டிச் செடி விடுவது அதற்குப் பக்கத்திலேயே வராது. கட்டிலில் இன்னொருவர் படுத்திருப்பதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, செடிக்கு மட்டும் ஏன்?

காற்றைச் சுத்தம் செய்யும் கதை 1989இல் நாசா வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பியது. இறுக மூடிய சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்கள் குறைவதை அளந்தார்கள். பெட்டிக்குள் அது நடந்தது. வீடு பெட்டி இல்லையே. 2019இல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். கட்டடத்தின் சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டும் என்று வந்தது. பத்துக்குப் பத்து அறைக்குக் குறைந்த கணக்கிலேயே தொண்ணூறுக்கு மேல். கட்டில் போட இடம் இருக்காது.

பிறகு எதற்கு வைப்பது? கண் திறந்ததும் பச்சை தெரிகிறது, அறை அழகாக இருக்கிறது, அது ஒன்று. இன்னொரு பலனை யாரும் எண்ணுவதில்லை: செடிக்காகத் தினமும் காலையில் திரையை ஒதுக்கி ஜன்னலைத் திறக்கிறீர்கள். இரவெல்லாம் ஏசி ஓடிய அறையின் தேங்கிய காற்றை வெளியேற்றுவது அந்தத் திறந்த ஜன்னல்தான். இந்த இரண்டும் கிடைக்க வேண்டுமானால் செடி நன்றாக இருக்க வேண்டும். படுக்கையறையில் செடி சாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: வெளிச்சம் போதவில்லை, தண்ணீர் அதிகமாகிவிட்டது.

முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள்

செடி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, தொட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் நிழல் விழுந்தால் பெரும்பாலான உள்ளறைச் செடிகள் வளரும். மங்கலாக ஒரு கை உருவம் மட்டும் தெரிந்தால் ஸ்நேக் பிளான்ட், ஸீஸீ பிளான்ட் தாக்குப்பிடிக்கும், மணி பிளான்ட் மெல்ல வளரும். நிழலே விழவில்லையென்றால் அங்கே எதையும் நிரந்தரமாக வைக்க வேண்டாம்.

அடுக்குமாடி வீடுகளில் மூன்றாவது நிலைதான் அதிகம். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர், இந்தப் பக்கம் கொசுவலை, அதற்கும் இந்தப் பக்கம் திரை. கொசுவலையில் படிந்த தூசியைக் கழுவினாலே நிலைமை கொஞ்சம் மாறும். அப்படியும் இருட்டு என்றால் ஒரே வகையில் இரண்டு தொட்டி வாங்கி, ஒன்று அறையில், ஒன்று பால்கனி நிழலில் என்று வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அறையிலிருந்து வந்ததை நேர் வெயிலில் வைத்தால் ஒரே நாளில் இலை வெந்துவிடும்.

கிழக்கு ஜன்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம். மேற்கு ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வைத்தால் ஏப்ரல், மே மாத மாலை வெயில் இலையைச் சுட்டுவிடும். இரண்டடி உள்ளே தள்ளி வையுங்கள்.

எந்தச் செடி

ஸ்நேக் பிளான்ட் முதல் இடம். நம்மூர் வேலியோர மருளின் உறவு, பிடிவாதமானது. ஸீஸீ பிளான்ட் அதற்கு அடுத்து. மண்ணுக்கடியில் கிழங்கில் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கும், மாதக்கணக்கில் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஏற்றது. மணி பிளான்ட் எல்லாருக்கும் தெரிந்தது. ஸ்பைடர் பிளான்ட் ஜன்னலோரத்தில் தொங்கவிட நல்லது.

அரிக்கா பாமை "படுக்கையறைச் செடி" என்று விற்கிறார்கள். அதற்கு நல்ல வெளிச்சமும் தண்ணீரும் வேண்டும், ஏசி காற்றில் இலை நுனி கருகிச் செம்பேன் வரும். ஹாலில், பெரிய ஜன்னல் பக்கத்தில் வையுங்கள். துளசி, மல்லிகை இரண்டுக்கும் நேர் வெயில் வேண்டும், அறைக்குள் வைத்தால் காம்பு நீண்டு வெளுத்துப்போகும். இரவில் பூக்கும் வாசனைச் செடிகளைத் தலைமாட்டில் வைத்தால் சிலருக்குத் தலைவலி நிச்சயம்.

வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் கவனம். மணி பிளான்ட், ஸீஸீ, பீஸ் லில்லி, டிஃபன்பாக்கியா எல்லாவற்றிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரியும், நாக்கு வீங்கும். இதில் டிஃபன்பாக்கியா மோசமானது, குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். ஸ்நேக் பிளான்ட்டைக் கடித்தால் பூனைக்கும் நாய்க்கும் வாந்தி வரும். ஸ்பைடர் பிளான்ட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மண்ணும் தொட்டியும்

நர்சரிக்கு ஆந்திராவின் கடியம் பக்கமிருந்து வரும் செடிகள் பெரும்பாலும் இறுகிய களிமண் உருண்டையோடு வரும். வெளியில், வெயிலில் அது சரிதான். அறைக்குள் அந்த உருண்டையின் மேல்புறம் காய்ந்து வெடித்திருக்கும், நடு மட்டும் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். வேர் அங்கேதான் அழுகத் தொடங்குகிறது.

வாங்கியதும் உடனே மாற்றாதீர்கள். பத்துப் பதினைந்து நாள் பால்கனியில் தனியே வைத்து, இலையின் அடிப்புறத்திலும் காம்பு இடுக்கிலும் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, வெளி மண்ணை விரலால் கரைத்து எடுங்கள். மூன்றில் ஒரு பங்கு போனால் போதும், முழுக்கப் பிய்த்தால் வேர் அறுந்துவிடும்.

ஸ்நேக் பிளான்ட்டுக்கும் ஸீஸீக்கும் கலவை: செம்மண் ஒரு பங்கு, கோக்கோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப்பங்கு. எம்-சாண்ட் போடுவதானால் சலித்து, மாவு போன்ற தூளைக் கழுவிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் சிமென்ட் மாதிரி இறுகும். மணி பிளான்ட்டுக்கு மணலைக் குறைத்துக் கோக்கோபீட்டை இரண்டு பங்காக்கலாம்.

தொட்டி வேர்ப்பந்தைவிட ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் அகலம். "பெரிசா வளரட்டும்" என்று பெரிய தொட்டியில் நட்டால், வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு அழுகலில் கொண்டுபோய் விடும். அடியில் ஓட்டையுள்ள 6 அல்லது 8 அங்குலப் பிளாஸ்டிக் தொட்டி எடுங்கள். அழகுக்கு அதை ஒரு பீங்கான் தொட்டிக்குள் இறக்கிவைக்கலாம். இலேசாக இருக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் ஊற்ற அதைக் குளியலறைக்குத் தூக்கிப்போகப் போகிறீர்கள்.

தண்ணீர்

எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி ஒன்றைத் தொட்டியில் அடிவரை குத்தி, ஐந்து நிமிடம் விட்டு உருவுங்கள். குச்சியில் மண் ஒட்டி, தொட்டால் ஜில்லென்றிருந்தால் இன்னும் தண்ணீர் வேண்டாம். ஸ்நேக் பிளான்ட்டுக்கும் ஸீஸீக்கும் அடிவரை காய வேண்டும், மணி பிளான்ட்டுக்கு மேல் இரண்டு அங்குலம் காய்ந்தால் போதும். நாள் கணக்கு வேண்டுமென்றால் உத்தேசமாக: சென்னைக் கோடையில், ஃபேன் ஓடும் அறையில் ஸ்நேக் பிளான்ட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள், ஐப்பசி கார்த்திகை மழையில் மூன்று வாரத்துக்கும் மேல். மணி பிளான்ட்டுக்குக் கோடையில் ஐந்தாறு நாள். குச்சி சொல்வதும் நாள்காட்டி சொல்வதும் முரண்பட்டால் குச்சியை நம்புங்கள்.

ஊற்றும்போது கால் டம்ளர் கால் டம்ளராகத் தெளிக்க வேண்டாம். குளியலறையில் வைத்து, அடி ஓட்டையில் ஒழுகும்வரை ஊற்றி, அரைமணி வடியவிட்டுத் திரும்ப வையுங்கள். அப்படியே இலையையும் நனைத்துத் துடைத்துவிடலாம். எண்ணெய், பால் தடவி மினுக்க வேண்டாம், தூசிதான் அப்பும்.

ஆர்ஓ இயந்திரம் தள்ளும் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம் போலத் தெரியும். அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கிறது, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும், இலை நுனி கருகும். ஏசியிலிருந்து சொட்டும் நீர் உப்பில்லாதது, அதைப் பிடித்து ஊற்றுங்கள்.

கொசு

படுக்கையறைச் செடியின் உண்மையான அபாயம் இதுதான், வாயுக் கணக்கெல்லாம் இதற்குப் பின்னால். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். தொட்டிக்கடியில் இருக்கும் தட்டு, பீங்கான் தொட்டியின் அடி, பாட்டிலில் வைத்த மணி பிளான்ட், கூழாங்கல்லோடு கண்ணாடிக் கிண்ணத்தில் நிற்கும் லக்கி பாம்பூ எல்லாமே அதற்குத் தொட்டில். 2001இல் ஆசியாவின் புலிக்கொசு கலிஃபோர்னியாவுக்குப் போய் இறங்கியது, தண்ணீரில் வைத்து ஏற்றுமதியான லக்கி பாம்பூவோடுதான்.

முட்டையிலிருந்து பறக்கும் கொசு வர நம்மூர் சூட்டில் சுமார் எட்டுப் பத்து நாள். ஆகவே ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றினால் மட்டும் போதாது: முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த முறை நனைந்ததும் பொரிக்கும். பாட்டிலின் உள்சுவரைப் பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பாட்டில் வாயில் காம்பைச் சுற்றிப் பஞ்சை அடைத்துவிட்டால் கொசு உள்ளே போகாது. தட்டைப் பொறுத்தவரை, குளியலறையில் வடியவிடும் பழக்கம் வந்தால் தட்டே தேவையில்லை.

மண்ணைச் சுற்றி மொய்க்கும் பொடிக் கறுப்பு ஈக்கள் வேறு. கடிக்காது, ஆனால் விளக்கைச் சுற்றி மூக்கில் ஏறும். மேல்மண் எப்போதும் ஈரம் என்பதற்கு அவை அடையாளம். தண்ணீரை நிறுத்தி, மேலே இரண்டு செண்டிமீட்டர் காய்ந்த மணலைப் பரப்புங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைச் செருகினால் பறப்பவை மாட்டும். அரிசி கழுவிய தண்ணீர், வெங்காயத் தோல் தண்ணீர், டீத்தூள், மோர்க்கரைசல், மீன் அமிலம் எல்லாம் மொட்டைமாடியோடு நிற்கட்டும். அறைக்குள் ஊற்றினால் நாற்றமும் இந்த ஈயும்தான் வரும். உரம் வேண்டுமென்றால், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம், மாதம் ஒருமுறை, பங்குனியிலிருந்து புரட்டாசி வரை. மழைக்காலத்தில் வேண்டாம்.

ஆஸ்துமா உள்ளவர்கள் இரண்டு மூன்று தொட்டியோடு நிறுத்தி, மேல்மண்ணில் பூசணம் பூக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெட்டால் என்ன செய்வது

மணி பிளான்ட்டில் இலைகள் சிறுத்து, கணுவுக்குக் கணு தூரம் கூடினால் வெளிச்சம் போதவில்லை. அடி இலைகள் வரிசையாக மஞ்சளானால் தண்ணீர் அதிகம். வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால் பஞ்சைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்துத் துடையுங்கள். அதிகமாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு ஷாம்புவும் கலந்து பால்கனியில் வைத்துத் தெளியுங்கள். வாசம் போனபின் உள்ளே கொண்டுவரலாம்.

ஸ்நேக் பிளான்ட்டின் இலை ஒன்று திடீரென்று சாய்ந்தால் அடியை அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று, நாற்றத்தோடு இருந்தால் வேரழுகல். தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். செடியை உருவி, அழுகியதை வெட்டி எறிந்து, கெட்டியான வெள்ளை வேர் உள்ள கிழங்கை மட்டும் இரண்டு நாள் நிழலில் உலர்த்திப் புது மண்ணில் நடுங்கள். ஒரு வாரத்துக்குத் தண்ணீர் வேண்டாம். கிழங்கு மொத்தமும் போயிருந்தால், நல்ல இலையைக் கைச்சாண் நீளத் துண்டுகளாக வெட்டி, கீழ்ப்பக்கம் எதுவென்று அடையாளம் வைத்து, மூன்று நான்கு நாள் காயவிட்டு மணலில் செருகுங்கள். தலைகீழாகச் செருகினால் வேர் விடாது. ஒன்றிரண்டு மாதத்தில் வேர் வரும், குருத்து வர இன்னும் பொறுக்க வேண்டும். மஞ்சள் ஓரம் போட்ட வகையை இப்படி இலையிலிருந்து வளர்த்தால் புதிதாக வரும் செடியில் மஞ்சள் இருக்காது, வெறும் பச்சையாகத்தான் வரும். மஞ்சள் வேண்டுமென்றால் பக்கக்கன்றைக் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும்.