குன்னூரைத் தள்ளிவிட்ட நிரல்: சி மொழியில் தமிழ் எழுத்தை வகை பிரிப்பது எப்படி?

கோத்தகிரியில் எங்கள் அண்ணன் பச்சைத் தேயிலை வாங்கிச் சேர்த்து பேக்டரிக்கு அனுப்புகிறார். எந்த ஊரிலிருந்து எத்தனை கிலோ வந்தது என்று தினமும் கணினியில் பதிவார், அவசரத்தில் ஊர்ப் பெயருக்குள்ளேயே கமாவோ எண்ணோ விழுந்துவிடும். பெயரில் எழுத்து மட்டும்தான் இருக்கிறதா என்று பார்க்க சி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். உதகை, அரவேணு இரண்டையும் சரி என்றது. குன்னூர், மஞ்சூர், கூடலூர், ஏன் கோத்தகிரியையே தவறு என்று தள்ளிவிட்டது.

ஏன் இப்படி ஆனது, எப்படிச் சரி செய்வது என்று முதலிலிருந்து பார்க்கலாம். லினக்ஸும், சி நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசியும் இருந்தால் போதும். சி-யின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், எடிட்டரில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். எல்சி_சிடைப், நல் இரண்டு மட்டும் பெரிய எழுத்து.

படி 1: அகல எழுத்து

எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். உதகை என்ற பெயருக்கே 12 பைட். எழுத்தா இல்லையா என்று சொல்லும் பழைய இஸ்ஆல்ஃபா ஒரு நேரத்தில் ஒரு பைட்டைத்தான் பார்க்கும் என்பதால் அதனிடம் தமிழைக் கொடுத்துப் பயனில்லை. ஒரு குறி முழுவதையும் ஒரே எண்ணாக வைத்துக்கொள்ளும் டபிள்யூசார்_டி, அதாவது அகல எழுத்து, வேண்டும். லினக்ஸில் அது 32 பிட், விண்டோஸில் 16 பிட், தமிழ் இரண்டிலும் அடங்கிவிடும். டபிள்யூசார், டபிள்யூசிடைப், லொகேல், எஸ்டிடிஐஓ என்ற நான்கு ஹெடர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: லொகேல்

லொகேல் என்றால் மொழி, எழுத்துமுறை பற்றிய அமைப்பு. மெயின் தொடங்கியதும் முதல் வரி இது:

செட்லொகேல்(எல்சி_சிடைப், "");

உங்கள் கணினியில் எந்த மொழி இருந்தாலும் சரி, ஒரு சி நிரல் எப்போதும் "சி" என்ற வெறும் லொகேலில்தான் விழிக்கும், அங்கே அ, க எதுவும் எழுத்தாகக் கணக்கில் வராது. காலி மேற்கோள் குறி கொடுத்தால் கணினியில் அமைத்திருப்பதை எடுத்துக்கொள்ளும். தமிழ் லொகேல்தான் வேண்டும் என்பதில்லை, யுடிஎஃப்-8 என்று முடிகிற ஆங்கில லொகேலே போதும். செட்லொகேல் நல் (வெற்று மதிப்பு) திருப்பித் தந்தால் அந்த லொகேல் நிறுவப்படவில்லை என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படி 3: வகையைக் கேட்பது

டபிள்யூசிடைப்_டி ஏ = டபிள்யூசிடைப்("ஆல்ஃபா");

பிறகு ஒவ்வொரு குறிக்கும் இஸ்டபிள்யூசிடைப்(குறி, ஏ) என்று கேளுங்கள். பூச்சியம் வந்தால் அந்த வகை இல்லை, வேறு எது வந்தாலும் உண்டு. ஆல்ஃபா (எழுத்து), டிஜிட் (எண்), ஸ்பேஸ் (இடைவெளி), பங்ட் (நிறுத்தக்குறி) என்று 12 வகைப் பெயர்களை சி தரநிலையே தருகிறது. இந்த வரியை செட்லொகேலுக்குப் பிறகுதான் எழுத வேண்டும், கிடைக்கிற மதிப்பு அந்த லொகேலைச் சேர்ந்தது.

படி 4: குன்னூரைப் பிரித்துப் பார்ப்போம்

எஃப்கெட்டபிள்யூஎஸ் மூலம் ஒரு வரி வாங்கி, வரிமுடிவு வரும்வரை சுற்றி, ஒவ்வொரு குறியையும் ஆல்ஃபாவா என்று அச்சிட்டேன். கணினிக்குக் குன்னூர் 8 குறிகள்:

க – ஆம்
உகரக் குறி – ஆம்
ன – ஆம்
புள்ளி – இல்லை
ன – ஆம்
ஊகாரக் குறி – ஆம்
ர – ஆம்
புள்ளி – இல்லை

இதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. தள்ளப்பட்ட எல்லா ஊரிலும் மெய்யெழுத்து இருக்கிறது, உதகையிலும் அரவேணுவிலும் ஒரு புள்ளிகூட இல்லை! உயிர்மெய்க் குறிகளுக்கு அகரவரிசைப் பண்பை, அதாவது எழுத்து என்ற அடையாளத்தை, கொடுக்கும் யூனிகோடு, புள்ளிக்கு அதைக் கொடுக்கவில்லை. லினக்ஸின் ஜிலிப்சி நூலகம், கண்ணுக்குத் தெரிகிற ஆனால் எழுத்தோ எண்ணோ அல்லாத எல்லாவற்றையும் பங்ட் வகையில் போடுகிறது, அதனால் நம் புள்ளி கமாவோடு போய் உட்கார்ந்துவிட்டது. மெய் இல்லாமல் தமிழில் எத்தனை சொல் எழுத முடியும்? இது நாம் கவனிக்க வேண்டிய இடம்.

படி 5: லொகேல் தரும் கூடுதல் வகை

டபிள்யூசிடைப் ஏன் வகைப் பெயரைச் சரமாக வாங்குகிறது என்றால், 12-க்கு மேலும் ஒரு லொகேல் தன் வகைகளை வைத்துக்கொள்ளலாம் என்பதால்தான். ஜிலிப்சியில் "கம்பைனிங்" என்று ஒன்று உண்டு, முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் குறிகள் எல்லாம் அதில் அடக்கம், புள்ளியும் சேர்த்து.

டபிள்யூசிடைப்_டி பி = டபிள்யூசிடைப்("கம்பைனிங்");

இப்போது நிபந்தனையை 'ஏ அல்லது பி' என்று மாற்றுங்கள். குன்னூர் தேறிவிடும், கமா விழுந்த பெயர் மட்டும் தள்ளப்படும். தரநிலையில் இல்லாத பெயர் என்பதால் பி பூச்சியமா என்று கட்டாயம் பாருங்கள், பூச்சியமென்றால் குறியின் மதிப்பு 3021-ஆ என்று நேராக ஒப்பிடலாம், அதுதான் புள்ளியின் யூனிகோடு எண்.

இதே வகையை வைத்து எழுத்தையும் எண்ணலாம், எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கம்பைனிங் அல்லாதவற்றை மட்டும் எண்ணினால் குன்னூருக்கு 4, கோத்தகிரிக்கு 5 வரும், பள்ளியில் விரல் விட்டு எண்ணிய அதே கணக்கு. ஒகரத்தை ஒரே குறியாக அடித்தாலும் இரண்டாகப் பிரித்து அடித்தாலும் மாறாது. க்ஷ, ஸ்ரீ இரண்டும் மட்டும் 2 என்று வரும்.

படி 6: இரண்டு இடங்களில் கவனம்

அச்சிட பிரிண்ட்எஃப்பையும் டபிள்யூபிரிண்ட்எஃப்பையும் கலக்காதீர்கள். முதலில் எதை அழைத்தீர்களோ அதற்கேற்ப வெளியீட்டுப் பாதை அமைந்துவிடும், மற்றதை நம்ப முடியாது. பிரிண்ட்எஃப்பில் சதவீதக் குறியோடு எல்சி போட்டாலே அகல எழுத்து வந்துவிடும்.

அப்புறம் தமிழ் எண்கள். 0 முதல் 9 வரை தவிர வேறு எதையும் டிஜிட் வகையில் சேர்க்க சி தரநிலை விடாது, அதனால் ஜிலிப்சி ௧, ௨ போன்றவற்றை ஆல்ஃபாவில் வைத்திருக்கிறது. 'குன்னூர்௨' என்று அடித்தால் நம் நிரல் சரி என்றே சொல்லும். அண்ணன் தமிழ் எண் போடுவதில்லை, எனக்குத் தேவைப்படவில்லை. பழைய பத்திரங்களைப் பதிகிறவர்கள் 3046 முதல் 3055 வரையுள்ள மதிப்புகளைத் தனியாகத் தடுக்க ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.