பெர்லினில் வெயில் அடிக்கும் வார இறுதியா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பெர்லினில் டிசம்பர் மாதம் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். குளிர்காலம் முழுக்க வானம் சாம்பல் பூசியதுபோல இருக்கும். அதனால் மே மாதத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நல்ல வெயில் என்று தெரிந்தால் இங்கே குடிவந்த நம்மவர்களுக்குக் கை கால் ஓடாது. அதுவரை பார்க்காமல் விட்டதையெல்லாம் அந்த இரண்டு நாளுக்குள் அடைக்கப் பார்ப்போம். நானும் என் கணவரும் முதல் வருடம் அப்படித்தான் செய்தோம். காலையில் பிராண்டன்பர்க் வாசல், அப்புறம் செக்பாயிண்ட் சார்லி, மதியம் அருங்காட்சியகத் தீவு, சாயங்காலம் பெர்லின் சுவர் ஓவியங்கள். ராத்திரி வீடு திரும்பியபோது போனில் இருநூறு படம் இருந்தது, ஒருவரோடு ஒருவர் பேசத் தெம்பில்லை.

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். இது உங்கள் ஊர், அடுத்த வாரமும் இங்கேதான் இருக்கப் போகிறீர்கள். சுவர் ஓவியங்கள் மட்டுமே 1.3 கிலோமீட்டர் நீளம். நின்று நின்று பார்த்தால் பாதி நாள் போய்விடும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் டெம்பல்ஹோஃப் மைதானத்தைத்தான் சொல்வேன். 2008 வரை விமான நிலையமாக இருந்து, 2010-ல் பொதுப் பூங்காவாகத் திறக்கப்பட்ட இடம். 1948-49-ல் சோவியத் படைகள் மேற்கு பெர்லினுக்கு வரும் சாலைகளையும் ரயில் பாதைகளையும் மறித்தபோது மாவும் நிலக்கரியும் சுமந்த மேற்கு நாடுகளின் விமானங்கள் சில நிமிடங்களுக்கு ஒன்றாக இங்கேதான் இறங்கின. இங்கே வீடு கட்டலாமா என்று 2014-ல் வாக்கெடுப்பு நடந்தது, வேண்டாம் என்று ஊர் மக்கள் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் ஓடுபாதை அப்படியே கிடக்கிறது. அதன் நடுவே குழந்தைகள் சைக்கிள் பழகுகிறார்கள், ஸ்கேட்டிங் பலகையில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு காற்று இழுக்கிற பக்கமெல்லாம் சிலர் பறக்கிறார்கள். புல்வெளியில் கயிறு கட்டி மறித்திருந்தால் உள்ளே போகாதீர்கள், வானம்பாடிகள் தரையில் கூடு கட்டும் காலம் அது. பேசாமல் இரண்டு நிமிடம் நின்றால் தலைக்கு மேலே எங்கேயோ ஒரு புள்ளியாக நின்றபடி அது விடாமல் பாடுவது கேட்கும்.

இங்கேதான் நம்மவர்கள் இன்னொரு தவறு செய்வார்கள். "நம்ம ஊர் வெயிலையே பார்த்தவங்க, இதெல்லாம் ஒரு வெயிலா" என்று தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் கிளம்புவது. அந்த மைதானத்தில் ஒதுங்க நிழலே கிடையாது, காற்று வீசுவதால் சூடு உறைக்காது, மாலையில்தான் தலைவலி தெரியும். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருந்தாலும் எட்டு மணிக்கு மேல் குளிரும். தொப்பி, தண்ணீர், ஒரு மெல்லிய ஜாக்கெட், மூன்றும் வேண்டும்.

மளிகையை ஞாயிற்றுக்குத் தள்ளிவைக்கவே கூடாது. ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் ஒன்றிரண்டு திறந்திருந்தாலும் வரிசை வாசல் வரை நிற்கும். வெள்ளிக்கிழமை மாலையே முடித்துவிட்டால் சனிக்கிழமை முழுதாகக் கையில் இருக்கும். நான் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் டப்பாவில் போட்டுக்கொள்வேன்.

டிக்கெட் விஷயத்தில் எங்களுக்கு 120 யூரோ போயிருக்கிறது. நகரத்துக்குள் ஏ, பி மண்டலங்கள். அரண்மனை பார்க்கப் போகிற பாட்ஸ்டம் சி மண்டலம். ஏபி டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்தோம், பரிசோதகர் வந்தார், ஆளுக்கு 60 யூரோ. புதிதாக வந்தவர்கள் என்று சொல்லிப் பார்த்தோம், விடவில்லை. காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சின்னப் பெட்டியில் முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் டிக்கெட் இல்லாத கணக்குதான்.

அதே ஏபி டிக்கெட்டை வைத்துக்கொண்டு வான்சீ ஏரியில் எஃப் 10 படகில் க்ளாடோ கிராமம் வரை இருபது நிமிடம் போகலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. இதற்காகத் தனியாகக் காசு கொடுத்து சுற்றுலாப் படகில் ஏறுவது வீண். ஏரிக்கரைகளில் சிலர் ஆடையில்லாமல் குளிப்பார்கள், இங்கே அது இயல்பு. முறைக்காதீர்கள், அந்தப் பக்கம் கேமராவைத் தூக்கவே தூக்காதீர்கள்.

சின்ன விஷயங்கள் இரண்டு. நடைபாதையில் சிவப்புக் கல் பதித்த பகுதி சைக்கிளுக்கு உரியது, அங்கே நின்று படம் எடுத்தால் மணியடித்துக்கொண்டே வந்து திட்டுவார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நாடாளுமன்றக் கண்ணாடிக் கூரைக்குக் கட்டணம் இல்லை, ஆனால் முன்பதிவு இல்லாமல் போய் நிற்காதீர்கள்.

அப்புறம் காலி டின். குளிர்பானம் குடித்த டின்னைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். கடைக்குக் கொண்டுபோக மனமில்லை என்றால் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் அதன் அடியில் வையுங்கள். இதை எங்களுக்குப் புரியவைத்தவர் ஒரு பெரியவர். கை முழுக்கத் தொட்டிக்குள் விட்டுத் துழாவி, நாங்கள் அப்போதுதான் போட்ட டின்னை எடுத்து, சட்டையில் துடைத்துத் தள்ளுவண்டிப் பையில் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து நாங்கள் உள்ளே போடுவதில்லை.

ஊருக்குப் பேசுவதை ராத்திரிக்கு ஒத்திவைக்காதீர்கள். கோடையில் நமக்கும் ஊருக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். சுற்றிவிட்டு எட்டு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே பதினொன்றரை, அம்மா தூங்காமல் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் இப்போதெல்லாம் காலை பத்து மணிக்கு மைதானத்துக்குள் நுழைந்ததும் வீடியோவில் கூப்பிட்டு, ஓடுபாதையையும் பட்டங்களையும் காட்டிக்கொண்டே நடக்கிறோம். அங்கே மதியம் ஒன்றரை, சாப்பாட்டு நேரம். "இவ்வளவு பெரிய இடத்தை எப்படிம்மா சும்மா விட்டு வெச்சிருக்காங்க" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பார்.