சிகரெட்டை விட்ட பிறகு வந்த இருமல்

18 வருடம் புகைத்தபோது இல்லாத இருமல், சிகரெட்டை விட்ட இரண்டாவது வாரம் வந்து சேர்ந்தது. ஒன்று பற்றவைத்தால் அடங்கிவிடும் என்று கை துறுதுறுத்தது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன்.

மூச்சுக்குழாயின் உள்சுவரில் மயிரிழை போன்ற நுண்ணிய இழைகள் இருக்கின்றன. சளியையும் தூசியையும் மேலே தள்ளிவிடுவது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்கிப் போட்டிருக்கும். விட்டதும் மெல்ல எழுந்து பெருக்க ஆரம்பிக்கும்போது சிலருக்கு இப்படி இருமல் கூடும். ஆக, நுரையீரல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது. நாம் கூடமாட ஒத்தாசை செய்தால் போதும்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது ஊதி இருமுவது. நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கால் மிதமாக மூச்சை இழுத்து, இரண்டு நொடி நிறுத்துங்கள். அப்புறம் கண்ணாடியில் ஆவி படிய ஊதுவோமே, அதுபோல வாயைத் திறந்து 'ஹா' என்று விடுங்கள். இரண்டு மூன்று முறை செய்துவிட்டு ஒரு தடவை இருமினால் சளி இளகி வரும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

மாடி ஏறும்போது மூச்சு வாங்கினால் வேறு வழி. இரண்டு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, விசிலடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து, நாலு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். மூன்றாம் மாடிக்கு இப்படித்தான் ஏறினேன். முதல் மாதம் இரண்டு இடத்தில் நிற்பேன். பிறகு ஒரே இடம். தினமும் அரை மணி நேரம் நடந்ததும் காரணமாக இருக்கலாம்.

வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு ஸ்பூன் தேன் எல்லாம் தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். ஆவி பிடித்தால் நுரையீரல் கழுவப்படாது. கொதிநீர் கவிழ்ந்து சுட்டுக்கொள்ளாமல் இருந்தால் சரி.

'நுரையீரலைச் சுத்தமாக்கும்' பொடி ஒன்றையும் வாங்கி ஏமாந்தேன். காசு போனதோடு போயிற்று. கேரட் போன்றவற்றில் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற சத்தை மாத்திரையாக விழுங்குவது அப்படியல்ல. பின்லாந்தில் புகைப்பவர்களிடம் நடத்தி 1994இல் வெளியான ஆய்வில், அதை எடுத்துக்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகமாகவே வந்தது. சத்து காய்கறி, பழத்திலிருந்தே வரட்டும்.

என் இருமல் மூன்றாவது மாதம் அடங்கியது. உங்களுக்கு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, எடை காரணமில்லாமல் குறைந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். சளியில் ரத்தம் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். நுரையீரலுக்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகள் ஏற்கெனவே சிதைந்திருந்தால் அவை திரும்ப வளராது. ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் நுரையீரல் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். நான் ஆறு மாதம் பயந்து தள்ளிப்போட்டுத்தான் செய்துகொண்டேன்; ஊத ஆன நேரம் கால் மணிகூட இல்லை.