ஆம்ப்ளிஃபயருக்கு எஸ்எம்பிஎஸ்: டிரான்ஸ்பார்மர் பழக்கத்தில் செய்யும் தவறுகள்

வீட்டில் ஆம்ப் கட்டுகிற பலருக்கும் கை பழகியது டிரான்ஸ்பார்மரில்தான். 24-0-24, 5 ஆம்பியர் என்று கேட்டு வாங்கி, ஏசியை டிசி ஆக்கும் ஒரு பிரிட்ஜ், இரண்டு பெரிய கெப்பாசிட்டர் போட்டால் சப்ளை ரெடி. செம்பு விற்கிற விலைக்கு இப்போது எல்லோரும் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) பக்கம் திரும்பிவிட்டோம். ஆனால் அதையும் டிரான்ஸ்பார்மர் போலவே நினைத்து வாங்குகிறோம். நான் பார்த்த சொதப்பல்களில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் குழப்பம் எண்ணிலேயே வரும். 24-0-24 டிரான்ஸ்பார்மரை எடுத்துவிட்டு பிளஸ்-மைனஸ் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் போடுவார்கள். பிறகு "சவுண்டே இல்லையே" என்பார்கள். டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் 24 ஏசி. பிரிட்ஜையும் கெப்பாசிட்டரையும் தாண்டி வரும்போது அது 33, 34 வோல்ட் டிசி ஆகிவிடும். எஸ்எம்பிஎஸ்ஸில் எழுதியிருப்பதோ நேராக டிசி. 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப் போட்டால், 33 வோல்ட்டில் 68 வாட் வரவேண்டிய இடத்தில் 24 வோல்ட்டில் 36 வாட்தான். பாதிக்குப் பாதி போய்விட்டது. டிடிஏ7294 என்ற ஆம்ப் சிப் இருக்கும் போர்டுக்கு 8 ஓமில் பிளஸ்-மைனஸ் 35, 4 ஓமில் 27 என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. ஸ்பீக்கரின் ஓமைப் பார்த்துத்தான் வோல்ட்டை முடிவு செய்ய வேண்டும்.

இதன் மறுபக்கம், ஆம்பியரைப் பார்த்து மயங்குவது. எல்இடி ஸ்ட்ரிப்புக்கு விற்கும் ஓட்டை போட்ட வெள்ளி நிறப் பெட்டியில் 12 வோல்ட், 30 ஆம்பியர் என்று இருக்கும். 360 வாட்டாயிற்றே என்று ஒரு கிளாஸ்-டி போர்டோடு (டிரான்சிஸ்டர்களை வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஓடும் ஆம்ப்) இணைத்தால், 4 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்கு 18 வாட்டுக்கு மேல் வராது. பெட்டியில் 30 என்றிருந்தாலும் 300 என்றிருந்தாலும் அதே 18தான். ஸ்பீக்கர் எவ்வளவு இழுக்கும் என்பதை வோல்ட்தான் தீர்மானிக்கிறது. மிச்ச ஆம்பியர் பெட்டிக்குள்ளேயே சும்மா கிடக்கும்.

அதற்காக வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. நம் ஊரில் அதிகம் புழங்கும் டிபிஏ3116 கிளாஸ்-டி சிப்புக்கு 26 வோல்ட்தான் எல்லை. 24 வோல்ட் பெட்டிகளின் ஓரத்தில் ஒரு சின்ன திருகு இருக்கும். அதைத் திருப்பினால் 26, 27 வரைக்கும்கூடப் போகும். முந்தி கைவைத்தவர் எங்கே விட்டுப்போனாரோ தெரியாது. அதனால் மீட்டரை வைத்து 24க்குக் கொண்டுவந்த பிறகே போர்டை இணைக்கவும். போர்டில் இருக்கும் கெப்பாசிட்டரையும் ஒருமுறை பாருங்கள். 25 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் 24 கொடுக்கவே எனக்கு மனசு வராது. அதற்கு 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரே போதும். 90 வாட் அடாப்டர் கையில் இருந்தால், ஹாலில் பாட்டுக் கேட்க வேறெதுவும் வாங்கத் தேவையில்லை.

இனி என் சொந்தக் கூத்து. எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் போர்டுக்கும் நடுவில் 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் நான்கைச் சேர்த்தேன். டிரான்ஸ்பார்மர் நாளில் "எவ்வளவு கெப்பாசிட்டரோ அவ்வளவு பேஸ்" என்பதுதானே வேதம். ஸ்விட்சைப் போட்டதும் பச்சை எல்இடி லேசாக மின்னி அணைந்தது. டிக். ஒரு நொடி கழித்து மறுபடி டிக். பெட்டி செத்துவிட்டது என்று ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. காலியான கெப்பாசிட்டர், ஷார்ட் ஆன வயரைப் போல இழுக்கும். எஸ்எம்பிஎஸ் அதை ஷார்ட் என்றே எண்ணி நிறுத்திக்கொள்கிறது, கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல்கிறது, மறுபடி நிறுத்துகிறது. நான்கையும் கழற்றியதும் சமத்தாக ஓடியது. போர்டுக்குப் பக்கத்திலேயே 1000, 2200 என்று ஒன்று போதும்.

ஆனால் டிரான்ஸ்பார்மரில் அந்தப் பெரிய கெப்பாசிட்டர் செய்துவந்த வேலையை இப்போது யாராவது செய்தாக வேண்டும் அல்லவா? பாட்டு, பல்பு போல ஒரே சீராகக் கரண்ட் எடுப்பதில்லை. 24 வோல்ட், 4 ஓம், இரண்டு சேனல் என்றால், சத்தமாக வைத்தாலும் சராசரி ஒரு ஆம்பியரைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் டிரம் அடி விழும் கணத்தில் சேனலுக்கு 6 ஆம்பியர் வரை எகிறும். பேஸ் அடி நீளமானது. 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு பாதி மட்டுமே 10 மில்லிசெகண்ட். 2200 மைக்ரோஃபாரட் தனியாக 6 ஆம்பியர் கொடுத்தால் 3 மில்லிசெகண்டிலேயே 8 வோல்ட் சரிந்துவிடும். ஆகவே அடி முழுவதையும் எஸ்எம்பிஎஸ்தான் தாங்க வேண்டும். சராசரியைப் பார்த்து 2 ஆம்பியர் பெட்டி வாங்கியவர்களுக்கு ஒவ்வொரு அடிக்கும் பாட்டு அறுந்து அறுந்து வருவது இதனால்தான். சேனலுக்கு 6 என்பது அலையின் உச்சியில் மட்டும்தான், அடி முழுவதற்கும் சராசரி அதில் பாதி. இந்தக் கணக்குக்கு 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 6 ஆம்பியருக்குக் குறையாமலும், 8 ஓம் என்றால் 3, 4 ஆம்பியரும் வாங்கலாம்.

பிளஸ்-மைனஸ் சப்ளைக்கு ஒரே மாதிரி எஸ்எம்பிஎஸ் இரண்டை வாங்கித் தொடராக இணைக்கலாம். ஒன்றின் பிளஸ்ஸும் மற்றதின் மைனஸும் சேரும் இடம் நடு கிரவுண்டு. ஒவ்வொரு அவுட்புட்டுக்குக் குறுக்கேயும் ஒரு டயோடைத் தலைகீழாகப் போட்டுவிடுங்கள். ஒரு பெட்டி முந்தி கிளம்பினால் அது மற்றதைப் பதம் பார்க்காது. லேப்டாப் அடாப்டரில் மட்டும் இதைச் செய்யுமுன் நிறுத்துங்கள். மூன்று முள் பிளக் வரும் சிலவற்றில் அவுட்புட் மைனஸ் உள்ளேயே எர்த்தோடு சேர்ந்திருக்கும். இரண்டும் அப்படி இருந்தால், ஒன்றின் பிளஸ்ஸும் மைனஸும் எர்த் வழியாக ஷார்ட். பிளக்கின் எர்த் முள்ளுக்கும் வெளிவரும் மைனஸுக்கும் இடையில் மீட்டரை வைத்து, பீப் அடிக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பழைய கம்ப்யூட்டர் சப்ளையின் மைனஸ் 12 வோல்ட்டை நம்பியும் யாரும் இறங்க வேண்டாம். அந்த லைன் பெரும்பாலும் ஒரு ஆம்பியர்கூடத் தாங்காது.

சப்வூஃபருக்கு ஐஆர்எஸ்2092 போர்டு போடுகிறவர்களை ஒரு விசித்திரமான தொல்லை பிடிக்கும். நடுத்தரச் சத்தத்தில் நன்றாகப் பாடும். ஆழமான பேஸ் வந்ததும் மொத்தமும் அணைந்து மறுபடி வரும். பவர் போதவில்லை என்று இதைவிடப் பெரிய எஸ்எம்பிஎஸ் வாங்கிப் போடுவார்கள், அதுவும் அணையும். நடப்பது வேறு. இது அரைப் பாலம் வகை கிளாஸ்-டி, அதாவது ஸ்பீக்கரின் ஒரு முனையை மட்டும் ஓட்டி, மறுமுனையை கிரவுண்டில் வைப்பது. பிளஸ் பக்கத்திலிருந்து எடுத்த சக்தியில் ஒரு பகுதியை மைனஸ் பக்கத்துக்குத் திருப்பித் தள்ளும், அடுத்த பாதி அலையில் மாற்றித் தள்ளும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொடுக்கத்தான் தெரியும், வாங்கத் தெரியாது. வந்தது கெப்பாசிட்டரில் சேர்ந்து வோல்ட் ஏறுகிறது. அலை எவ்வளவு மெதுவானதோ அவ்வளவு ஏறும். எல்லை மீறியதும் பாதுகாப்பு சர்க்யூட் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. இப்படிப்பட்ட போர்டுக்கு ஆடியோ ஆம்புக்கென்றே செய்த, நிறையக் கெப்பாசிட்டர் தாங்கும் எஸ்எம்பிஎஸ் வேண்டும். ஸ்டீரியோ என்றால் ஒரு சேனலைத் தலைகீழாக ஓட்டி, அதன் ஸ்பீக்கர் வயரையும் மாற்றி இணைப்பது செலவில்லாத வழி. ஒன்று தள்ளுவதை மற்றொன்று இழுத்துக்கொள்ளும். ஸ்பீக்கரின் இரு முனையையும் ஓட்டும் டிபிஏ3116 போன்ற முழுப் பாலம் சிப்புகளில் இந்தத் தொல்லை கிடையாது.

எர்த் இல்லாத ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பது, எர்த் கொடுக்காத எஸ்எம்பிஎஸ்ஸில் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் கரண்ட். கசிவு சிறிதுதான், ஆனால் ஸ்பீக்கரில் இரைச்சலாகவும் அதுவே வரும். எர்த் வயரை வெட்டினால் ஹம் போகிறது என்று செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். பெட்டிக்குள் மெயின்ஸ் பக்க கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கிறது. இன்சுலேஷன் ஒருநாள் போனால் உங்களைக் காப்பாற்ற இருப்பது அந்த ஒரு வயர்தான். பக்கவாட்டில் 115/230 ஸ்விட்ச் இருந்தால் அது 230இல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும். பார்க்காவிட்டால் பட்டாசு.

மெயின்ஸ் வழியில் ஒரு பல்பைத் தொடரில் வைத்துச் சோதிக்கும் மெக்கானிக்குகளின் சீரிஸ் பல்பு போர்டையும் இங்கே அளவோடு பயன்படுத்துங்கள். லோடு இல்லாமல் முதல்முறை ஆன் செய்ய அது நல்லதுதான். லோடு போட்டால் பல்பில் வோல்ட் விழ, அதை ஈடுகட்ட எஸ்எம்பிஎஸ் இன்னும் இழுக்க, பல்பு ஏறி இறங்கி உங்களைக் குழப்பும். நான் செய்வது இதுதான்: கார் இண்டிகேட்டரின் 12 வோல்ட், 21 வாட் பல்புகளை இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, மூன்று ஜோடியை ஒவ்வொன்றாக 24 வோல்ட்டில் மாட்டுவேன். குளிர்ந்த இழை முதலில் அளவுக்கு மேல் இழுக்கும் என்பதால்தான் ஒவ்வொன்றாக. மூன்றும் எரிந்தால் 5 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். அரை மணி நேரம் அப்படியே விட்டு, மீட்டர் 24ஐவிட்டு இறங்காமல் இருந்தால் அந்தப் பெட்டியில் ஆம்ப் போர்டை இணைப்பேன்.