படகு இன்ஜினின் தாளத்தை ஸ்பைக் நியூரானால் பிடிப்பது எப்படி?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஃபைபர் படகின் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின் சத்தத்தைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். நாம் கட்டப்போவது காது நரம்பு மாதிரி ஒன்று: சத்தம் சேரச் சேர மின்னழுத்தம் ஏறி, ஓர் அளவைத் தாண்டினால் ஸ்பைக் (ஒரு துடிப்பு) விடும் நியூரான் நிரல். அதை வைத்து இன்ஜினின் வேகத்தைக் கண்டுபிடிப்போம். 1988-லேயே ரிச்சர்ட் லயனும் கார்வர் மீடும் செவிச்சுருளை சிலிக்கான் சிப்பில் செய்துவிட்டார்கள், நமக்குப் பைத்தானும் சைபை (SciPy) என்ற அதன் கணக்கு நூலகமும் (1.6 அல்லது அதற்குப் பிந்தையது) போதும். இதற்கெல்லாம் ஜிபியு வேண்டாம்.

1. பதியும் ஆப்பில் இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள். சீராக ஓடும் இன்ஜினையே அது இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிடும். கடற்காற்றுக்கு மைக்கின் மேல் ஸ்பாஞ்ச் சுற்றுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் 16,000 ஹெர்ட்ஸ், மோனோ, 16 பிட் வேவ் ஆக மாற்றுங்கள்.

2. 100 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை 16 காமாடோன் ஃபில்டர்கள் (செவிச்சுருள் போல ஒவ்வொன்றும் ஒரு அலைவெண் பட்டையை மட்டும் விடும்). ஒவ்வொன்றின் வெளியீடும் ஒரு சேனல். இரண்டு வகை உண்டு: தன் பழைய வெளியீட்டையும் திரும்பச் சேர்க்கும் ஐஐஆர், உள்ளீட்டை மட்டும் எடைபோட்டுக் கூட்டும் எஃப்ஐஆர். எஃப்ஐஆர்தான் என் தேர்வு, தாழ்ந்த அலைவெண்ணில் தகராறு செய்யாது. ஆனால் சைபையில் அதன் இயல்பு நீளம் 15 மில்லிசெகண்ட். 100 ஹெர்ட்ஸ் ஃபில்டரோ 13-ல்தான் உச்சத்துக்கே வருகிறது. பாதியில் வெட்டுப்படும். டேப் (ஃபில்டரின் எடைகள்) எண்ணிக்கையை 800 ஆக்குங்கள், அதாவது 50 மில்லிசெகண்ட்.

3. எதிர்ம மதிப்புகளைச் சுழியாக்கி, மிச்சத்துக்குக் கனமூலம் எடுங்கள். காதும் பெரிய சத்தத்தை இப்படித்தான் அமுக்குகிறது.

4. கசியும் நியூரான். பலரும் சறுக்கும் இடம் இதுதான். ஒவ்வொரு சாம்பிளுக்கும்: புது மின்னழுத்தம் = க × பழையது + (1 − க) × உள்ளீடு. பழையதில் எவ்வளவு மிஞ்சும் என்பதே க. பாடங்களில் க = 0.9 என்றிருக்கும். அது 1 மில்லிசெகண்ட் படிக்குப் போட்ட கணக்கு. நம் படி 0.0625 மில்லிசெகண்ட். அங்கே 0.9 போட்டால் நியூரானின் நினைவு 0.6 மில்லிசெகண்டில் வடிந்துவிடும். ஒவ்வொரு அலைக்கும் ஸ்பைக் தெறித்து, இன்ஜினின் தாளம் மூழ்கிப்போகும். 10 மில்லிசெகண்ட் நினைவு வேண்டும் என்றால் க = e^(−படி ÷ நினைவு) = e^(−0.0625 ÷ 10) = 0.99377. சாம்பிள் வேகத்தை மாற்றினால் இதையும் மாற்ற வேண்டும்.

5. ரீசெட் இல்லாமல் ஒருமுறை ஓட்டி, எல்லாச் சேனல்களிலும் பெரிய உச்சத்தின் பாதியை வாசலாக வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வாசல்! தனித்தனியே வைத்தால் காற்று மட்டும் இருக்கும் சேனலும் கத்தத் தொடங்கும். வாசலைத் தாண்டினால் ஸ்பைக், சுழிக்கு ரீசெட், அடுத்த 32 சாம்பிளுக்கு ஓய்வு.

6. ஸ்பைக்குகளை 5 மில்லிசெகண்ட் பெட்டிகளில் கூட்டி வரைபடம் போடுங்கள். கொத்துக் கொத்தாக வரும். கொத்துகளுக்கு இடையே 80 மில்லிசெகண்ட் என்றால் நொடிக்கு 12.5 வெடிப்பு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும், எனவே 1,500 ஆர்பிஎம்.

பிற்சேர்க்கை: எல்லாம் சரியாக இருந்தும் வரைபடம் கன்னாபின்னாவென்று வந்தால், வேவ் ஃபைலின் முழு எண்களை 32,768 ஆல் வகுத்து மிதவை எண்ணாக்கினீர்களா என்று முதலில் பாருங்கள். கொத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் 10 மில்லிசெகண்டை 5 ஆகக் குறையுங்கள்; அப்போது க = 0.98758.